கஞ்சாத் தண்டனையின் பரிணாமம்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

கஞ்சாக் குற்றங்களுக்கு நம் நாட்டுச் சட்டங்கள் விதித்து வந்துள்ள தண்டனைகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்கத்தாவிலோ ஜெனிவாவிலோ தில்லியிலோ தொடங்குவது வழக்கம். ஆவணங்கள் அங்கேதான் மிகுதி. ஆயினும், திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியங்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என ஊர் ஊராகக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகின்ற இச்சிறு பிரதேசத்தில் நின்று அதே வரலாற்றைப் பார்த்தால், ஏடுகளில் மங்கித் தோன்றும் சில உண்மைகள் துலக்கமாகின்றன. இங்கே ஒரு தலைமுறைக்கு எல்லையே இல்லாதிருந்தது. அடுத்த தலைமுறையில் எல்லை பிறந்து, அதன் இருபுறமும் இருவேறு சட்டங்கள் நின்றன. அதற்கும் அடுத்த தலைமுறையில் சட்டம் ஒன்றாகி, எல்லை மாத்திரம் எஞ்சியது. கஜானாவைக் காக்கும் கருவியாகத் தொடங்கிய தண்டனை, பின் ஒழுக்கத்தைக் காக்கும் கருவியாகி, இன்று பொருளின் எடையையே மனிதனின் குற்றமாகக் கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில் பாறசாலை ஓர் உள்நாட்டு ஊர். சமஸ்தானத்தின் தென்கீழ் எல்லை ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. சவுக்கைகளும் அங்கேயே இருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் 1865ஆம் ஆண்டில் செய்துகொண்ட வாணிப உடன்படிக்கையால் சரக்குப் போக்குவரத்துக்கு இருந்த தடைகள் பெரும்பாலும் நீங்கிய பின்னும், உப்பு, புகையிலை முதலிய வருவாய் இனங்களில் சர்க்காரின் பிடி தளரவில்லை. கள், சாராயம், அபின், கஞ்சா ஆகியவையும் இவ்வரிசையைச் சேர்ந்தவையே. கொல்லம் ஆண்டு 1073இல், அதாவது 1897-98இல், இயற்றப்பட்ட நான்காம் எண் அப்காரிச் சட்டமும், கொச்சி சமஸ்தானம் 1077இல் இயற்றிய முதலாம் எண் அப்காரிச் சட்டமும் போதைப் பொருள்களை முதன்மையாக வருமானத்துக்குரிய பண்டங்களாகக் கண்டன. அனுமதியின்றி விற்றவன் சர்க்காருக்குச் சேர வேண்டிய தொகையை மறைத்தவன். அவன் குற்றம் ஏறக்குறைய வரி ஏய்த்தவனின் குற்றத்தோடு ஒத்தது. தண்டனையும் அவ்வளவில் அமைந்தது. புகைத்தவனைத் திருத்துவது அந்தச் சட்டங்களின் உத்தேசத்தில் இடம்பெறவில்லை.

இந்த நோக்கு சமஸ்தானங்களுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் 1893 மார்ச்சில் எழுந்த வினாவின் விளைவாக, மக்வொர்த் யங் என்பவரின் தலைமையில் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன், மூன்று இந்தியர் உள்ளிட்ட ஏழு உறுப்பினர்களோடு நாடெங்கும் சென்று 1,193 சாட்சிகளின் கருத்தைத் திரட்டிற்று. சாதுக்கள், வைத்தியர்கள், சிறையதிகாரிகள், பயித்தியக்கார ஆஸ்பத்திரி வைத்திய அதிகாரிகள், பயிரிடும் குடியானவர்கள் எனப் பலதரத்தாரும் அதில் அடங்குவர். கஞ்சாவே பயித்தியத்துக்குக் காரணம் என்று ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தவற்றைக் கமிஷன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை தக்க விசாரணையின்றி எழுதப்பட்டவை எனக் கண்டது. மிதமான உபயோகம் பொதுவில் பெருந்தீங்கு விளைப்பதில்லை. அளவுமீறிய உபயோகமே தீங்கானது. முற்றிலும் தடுப்பதைவிட லைசென்சும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துவதே தகும் என்பது 1894இல் அது கண்ட முடிவு. வங்காளத்தில் நவகாவும் மத்திய மாகாணத்தில் கண்டுவாவும் சர்க்கார் மேற்பார்வையில் கஞ்சா விளைந்த பிரசித்தமான இடங்கள். அவற்றின் களஞ்சியங்களிலிருந்து வரி செலுத்திய சரக்கு கடைக்குப் போயிற்று. இவ்வளவு விரிவான, இவ்வளவு நிதானமான விசாரணை இப்பொருள் குறித்து இந்நாட்டில் பின்னர் ஒருமுறையும் நிகழவில்லை என்பது பெரிதும் வருந்தத்தக்கது.

உலக அரங்கில் காற்று வேறுபக்கம் திரும்பிற்று. 1924-25இல் ஜெனிவாவில் கூடிய அபின் மாநாட்டில், எகிப்தின் பிரதிநிதி எல் கின்டி ஹஷீஷின் கேடுகளை வன்மையாக எடுத்துரைத்ததன் பேரில், 1925 பிப்ரவரி உடன்படிக்கையில் இந்தியக் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. அதனை ஒட்டி இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. அது ஏற்றுமதி இறக்குமதியையும் தயாரிக்கப்பட்ட மருந்துகளையும் முக்கியமாகக் கவனித்தது. பச்சைக் கஞ்சாவின் உள்நாட்டு விற்பனை பெரும்பாலும் மாகாணங்களின் கையிலேயே இருந்தது. அந்தச் சட்டத்தின் பிற்கால வடிவிலும் உச்ச தண்டனை மூன்றாண்டே. மீண்டும் குற்றம் செய்தவனுக்கு நான்காண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு என்ற விதி இல்லை. பிற்காலத்தில் கடுமையான சட்டம் வேண்டுமென்று வாதாடியவர்கள் குறையாகச் சுட்டிக்காட்டியதும் இதைத்தான்.

இதற்கிடையில் சென்னை ராஜதானியில் வேறொரு கொள்கை வேரூன்றிற்று. 1937 அக்டோபர் முதல் தேதியில் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கைச் சாராயத்தை மாத்திரம் நோக்கியதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அந்த மதுவிலக்குச் சட்டம் ‘போதை மருந்து’ என்ற சொல்லுக்கு வகுத்த இலக்கணத்தில் கஞ்சாச் செடியின் இலையும் பூவும் அதன் பிசினாகிய சரஸும் அடங்கும். வருவாயை இழந்தாலும் ஜனங்களின் நலமே பெரிது என்ற எண்ணம் சட்டமாக அமர்ந்தது இங்கேதான். போதையூட்டும் பானங்களையும் மருந்துகளையும் விலக்க அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47ஆம் ஷரத்து விதித்தபோது, அந்த எண்ணம் நாட்டின் கொள்கையாகவும் ஆயிற்று. ஆனால் அதே சாசனம் கஞ்சாவின் மீது கலால் வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலின் 51ஆம் இனத்தில் வைத்திருக்கிறது. விலக்குவதும் வரி வாங்குவதும் ஒரே ஏட்டில் அருகருகே நின்றன.

1956 நவம்பர் முதல் தேதியன்று எல்லை பாறசாலைக்கு வந்து சேர்ந்தது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய நெடும் போராட்டத்தின் பயனாக, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. போராட்டக்காரர் கோரிய நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்பகுதி கேரளத்திலேயே தங்கிற்று. இவ்வெல்லை பெரும்பாலும் மலையாலோ ஆற்றாலோ வகுக்கப்பட்டதன்று. ரப்பர் மரங்களுக்கும் வாழைத் தோப்புகளுக்கும் வீட்டுக் கொல்லைகளுக்கும் நடுவே அது ஓடுகிறது. பனச்சமூட்டிலும் வெள்ளறடைப் பக்கத்திலும் ஊரம்பிலும் ஊடுவழிகள் பல. அக்காள் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மறு மாநிலத்திலும் இருப்பது இங்கே சகஜம்.

அவ்வாறு ஒரே குடும்பத்தார் இருவர் ஒரே பொருளை வைத்திருந்தால், கிழக்கே உள்ளவன் சென்னையின் மதுவிலக்குச் சட்டத்துக்கும், மேற்கே உள்ளவன் கேரளத்தின் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேரளத்திலோ மதுவிலக்கு மாநிலம் முழுவதும் ஒருபோதும் நிலைபெறவில்லை. 1967இல் அது கைவிடப்பட்டு, கொச்சியின் 1077ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. அதாவது, எல்லையின் ஒரு பக்கத்தில் கஞ்சா ஒழுக்கக் குற்றம்; மறுபக்கத்தில் அது இன்னும் கலால் துறையின் குற்றம். இந்த வேற்றுமையின் தழும்பு இன்றும் மறையவில்லை: அமரவிளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துகிறவர் எக்சைஸ்காரர்; களியக்காவிளைக்கு அப்பால் அதே பையைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் போலீஸ்காரர்.

1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டு ஒற்றை உடன்படிக்கை, வைத்தியத்துக்கன்றி வேறு காரியங்களுக்குக் கஞ்சாவைப் பயன்படுத்துவதை அது அமலுக்கு வந்த 1964 டிசம்பர் முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று விதித்திருந்தது. அந்தக் கெடு முடிவதற்கு நான்கு ஆண்டுகள் இருக்கையில், 1985 ஆகஸ்டு 23இல் மக்களவையில் புகுத்தப்பட்ட மசோதா, செப்டம்பர் 16இல் குடியரசுத் தலைவரின் சம்மதம் பெற்று, நவம்பர் 14 முதல் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமாக நாடெங்கும் அமலாயிற்று. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கமிஷன் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த பொருளுக்கு, இப்போது மூன்று வாரங்களும் சில நாட்களும் போதுமானவை ஆயின.

அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு முதலில் கஞ்சாவுக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதித்தது. சரஸுக்குக் குறைந்தபட்சம் பத்தாண்டு. 1989 மே மாதம் அமலுக்கு வந்த திருத்தம் ஜாமீனுக்கு அரிய நிபந்தனைகளைச் சேர்த்து, சில மறுகுற்றங்களுக்கு மரண தண்டனையையும் புகுத்தியது. 2001 அக்டோபரில் வந்த மாற்றமே இன்றைய நிலையின் அடித்தளம். அன்று முதல் கஞ்சா ஒரு கிலோவுக்குட்பட்டால் சிறிய அளவு, இருபது கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. 2014இல் சிறிய அளவின் தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்ந்தது. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. செடி வளர்ப்பவனுக்கோ எத்தனை செடி என்ற கணக்கில்லை. பத்தாண்டு வரை சிறை நேரலாம்.

இந்த எண்கள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைச் சற்றே அண்மையில் நின்று பார்ப்போம். ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து ரெயிலிலும் பஸ்ஸிலும் வருகிற சரக்கு, பழுப்பு நிற ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றிய பொட்டலங்களாக ஒரு தோள்பையில் இருக்கிறது. பையை வைத்திருப்பவன் கூலிக்குச் சுமப்பவன். உள்ளே இருப்பதன் அளவை அவன் பெரும்பாலும் அறியான். உடலைச் சோதிக்க வேண்டுமானால், கெஜட் பதவி பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட்டு முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை தனக்கு உண்டென்பதை 50ஆம் பிரிவின்படி அவனுக்கு அறிவிக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்து, மின்தராசில் வைத்து, எடையை மகஜரில் எழுதி, முத்திரையிடுகிறார்கள். சட்டத்தின் இலக்கணப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. அப்படியிருக்க, காம்பும் விதையும் உதிர்ந்த இலையும் கலந்து கிடக்கும் குவியலில் எதனை நிறுப்பது, எதனைத் தள்ளுவது என்பதில் ஒருவனுடைய பத்தாண்டு தொங்குகிறது. பத்தொன்பது கிலோவுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடமுண்டு. இருபது கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் கீழே இறங்க அவருக்கு அதிகாரமில்லை. சரக்கின் சொந்தக்காரனோ எடைத்தட்டுக்கு அருகில் வருவதே இல்லை. கூலிக்காரனையும் முதலாளியையும் எடையால் மாத்திரம் அளக்கும் இம்முறை நியாயமானதென்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

தண்டனையை இலகுவாக்க மாநிலங்களுக்கு வழியுண்டா என்று கேட்போருக்கு அமெரிக்காவின் உதாரணம் நினைவுக்கு வரலாம். அங்கே கூட்டரசின் தடை நிலைத்திருக்கையிலேயே, கலிபோர்னியா 1996இல் வைத்திய உபயோகத்துக்கும், கொலராடோவும் வாஷிங்டனும் 2012இல் பொது உபயோகத்துக்கும் வாக்கெடுப்பின் மூலம் இடமளித்தன. இந்தியச் சட்டத்தின் 81ஆம் பிரிவு மாநிலச் சட்டங்களுக்கு இடம் விட்டிருப்பது எதிர்த்திசையில்: மத்தியச் சட்டத்தில் இல்லாத அல்லது அதனினும் கடுமையான கட்டுப்பாட்டையும் தண்டனையையும் மாத்திரம் அது காப்பாற்றுகிறது. அந்த வழியில்தான் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டமும் கேரளத்தின் 2007ஆம் ஆண்டு ‘காப்பா’ என்னும் சமூக விரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் போதைப்பொருள் குற்றவாளியை விசாரணைக்கு முன்னரே காவலில் வைக்க இடந்தருகின்றன. மாநிலம் தளர்த்தக்கூடிய இடம் 10ஆம் பிரிவில் உள்ள அனுமதி அதிகாரம் போன்ற குறுகிய வழிகளே.

சில மாற்றங்கள் நீதிமன்றத்தின் வழியாக வந்துள்ளன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோஃபான் சிங் வழக்கில், இச்சட்டப்படி அதிகாரம் பெற்ற அதிகாரிகளிடம் குற்றஞ்சாட்டப்பட்டவன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கெதிரான சாட்சியமாகக் கொள்ளலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபர் 29இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பிடிப்பவரே கலால் அதிகாரியாயிருக்கும் பாறசாலைப் பக்கத்திற்கு இத்தீர்ப்பு மிக அண்மையானது. அதே ஆண்டு டிசம்பர் 2இல், ஐக்கிய நாட்டுப் போதைப்பொருள் கமிஷன் 27க்கு 25 என்ற வாக்குகளில் கஞ்சாவை ஒற்றை உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியபோது, இந்தியா ஆதரவாக வாக்களித்தது. உள்நாட்டில் 20ஆம் பிரிவு அந்த வாக்கின் காரணமாக மாறவில்லை.

சட்டத்திலேயே இருந்தும் எல்லைப்புறத்தில் அதிகம் பேசப்படாத இரு பிரிவுகள் உண்டு. சிறிய அளவோடு பிடிபட்டவன் பழக்கத்துக்கு அடிமையாயிருந்து, தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64A பிரிவு அவனை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. குற்றவாளியெனத் தீர்ப்பான பின்னரும் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப 39ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கேரள எக்சைஸ் துறை 2016இல் தொடங்கிய விமுக்தி இயக்கத்தின் போதை மீட்பு நிலையம் ஒன்று நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் அமைந்திருக்கிறது. அமரவிளைச் சாவடியிலிருந்து அது சில கிலோமீட்டர் தூரமே. பிடித்தவுடன் மகஜரை வாசித்துக் கையெழுத்து வாங்குகிற அதிகாரி, அந்த 64A பிரிவையும் அவனுக்குப் புரியும் தமிழிலோ மலையாளத்திலோ வாசித்துக் காட்டுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, துறையின் ஒரு சுற்றறிக்கையே போதும்.