ஏழுக்கு நான்கு: மலையகத்துக்குப் போடப்பட்ட கணக்கு

கந்தப்பளைத் தோட்டங்களில் கணக்கு அறியாதவர் அரிது. நிறுத்த கொழுந்தில் கழிவு எவ்வளவு, குறித்த எடைக்குக் குறைந்தால் செக்ரோலில் விழுவது முழுப்பேரா அரைப்பேரா என்பதெல்லாம் அங்கே அன்றாட அறிவு. ஒருவரின் பேரை இரண்டால் வகுக்கலாமா என்பது மெய்யியலின் கேள்வி. கணக்கோ அதைக் கேட்காமலே வகுத்துவிடுகிறது.

யூக்ளிட் சில எடுகோள்களை நிறுவாமலே ஏற்று, அவற்றிலிருந்து தேற்றங்களை வருவித்தார். அவருடைய இணைகோட்டு எடுகோளை மாற்றியும் வேறொரு வடிவகணிதத்தைக் கட்டலாம் என 19ஆம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போல்யாயும் காட்டினர். படிகள் பிழையற்றவை என்பதால் தொடக்கம் நியாயமாகிவிடாது. தொடக்கத்தை விசாரிப்பது மெய்யியலின் வேலை.

இந்த உண்மையைத் தம் வாழ்விலேயே சந்தித்த கணிதப் பேராசிரியர் ஒருவர் நம்மிடையே இருந்தார். அவர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சி. சுந்தரலிங்கம். 1936இல் அரசாங்க சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தபோது, ஏழிலும் சிங்களவரே தலைவராகும்படி பங்கீடு அமைந்தது. தனிச் சிங்கள மந்திரிசபை பிறந்தது. அந்தப் பங்கீட்டுக்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர் சுந்தரலிங்கமே என்று அக்கால அரசியலை எழுதியோர் பலர் கூறுவர்.

1947 தேர்தலில் நுவரெலியா உட்பட ஏழு தொகுதிகளை இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்றது. மறுவருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிலேயே பிறந்தவராயினும் தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்ததை நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறைகள் எதைக் காட்டும்? ‘பிரஜை’ என்ற சொல்லின் வரைவிலக்கணம் மாறியது. அதிலிருந்து தேற்றம் தானாகவே வந்தது. 1952இல் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

1948 டிசம்பர் 10இல், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, அமைச்சராயிருந்த சுந்தரலிங்கம் வெளிநடப்புச் செய்தார். பிரதமர் டி. எஸ். சேனநாயக்க விளக்கம் கேட்டார். அவர் பதவியைத் துறந்தார்.

1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. விகிதம் ஏழுக்கு நான்கு. மீந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். கூட்டிப் பாருங்கள், ஒருவர் கூடத் தவறவில்லை. ஆனால் ஒரே லயத்தில் வாழ்ந்த தாயும் மகளும் விகிதத்தின் இரு புறங்களில் நின்றார்கள். எண்ணப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 55 ஆண்டுகள் நீடித்த அந்தப் பிழை கூட்டலிலும் இல்லை, வகுத்தலிலும் இல்லை. அது முதல் வரியில் இருந்தது.