வேகமா, திசைவேகமா? நமது பௌதிகச் சொற்களின் கதை

உயர்தர வகுப்பில் சார்பு இயக்கம் தொடங்கும்போது நாம் கரும்பலகையில் எழுதும் சொல் "மாட்டேற்றுச் சட்டம்". மாட்டுக்கும் பௌதிகத்துக்கும் என்ன சம்பந்தம் சேர் என்று ஒரு பிள்ளை கேட்கும். இன்னொரு பிள்ளை சட்டம் என்றால் விதிதானே என்று எடுத்துக்கொள்ளும். பிறகு "சடத்துவச் சட்டம்" வரும்போது அதை நியூட்டனின் முதலாம் விதியோடு போட்டுக் குழப்பும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

"மாட்டு" என்பது பழைய இலக்கணச் சொல். தொல்காப்பியச் செய்யுளியலில், தள்ளியோ கிட்டவோ கிடக்கும் பொருளை இணைத்துப் பார்க்கும் உறுப்புக்கு அந்தப் பெயர். ஒரு சூத்திரம் முன்னே சொன்ன இன்னொன்றைச் சுட்டுவதை உரையாசிரியர்கள் மாட்டேறு என்றார்கள். ஒன்றை இன்னொன்றோடு மாட்டிப் பார்ப்பது. பௌதிகத்துக்கு வேண்டியதும் அதுவே. சட்டம் என்பது இங்கே படத்துக்குப் போடும் சட்டம், நீதிமன்றத்துச் சட்டமல்ல.

விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிய வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் "கலைச்சொற்கள்" நூலை வெளியிட்டது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவிலுள்ள ஊரில் பிறந்தவர் இரு கரைக்கும் பொதுவாகச் சொல் தேடினார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பிறகு பாதைகள் பிரிந்தன. இலங்கையில் சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு வந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு தன் வழியே போனது. நமக்குப் பௌதிகவியல், அவர்களுக்கு இயற்பியல். நமக்கு ஆர்முடுகல், அவர்களுக்கு முடுக்கம். சடத்துவம் அங்கே நிலைமம். மாட்டேற்றுச் சட்டம் அங்கே குறிப்பாயம்.

சொல் வேறாக இருந்தால் ஆபத்தில்லை, பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒரே சொல் வேறு பொருள் தரும் இடத்தில்தான் ஆபத்து. நமக்கு வேகம் என்றால் திசையும் உண்டு, திசையில்லாதது கதி. தமிழ்நாட்டில் வேகத்துக்குத் திசை இல்லை, திசையுள்ளது திசைவேகம். நமக்குத் திணிவு வேறு, நிறை வேறு. நிறை நியூட்டனில் அளக்கப்படும். அங்கே நிறை என்பதே நம் திணிவு, கிலோகிராமில் அளக்கப்படும். நம் நிறைக்கு அங்கே எடை என்று பெயர். இரவில் யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடம் பார்த்துப் படிக்கும் பிள்ளை இந்த வித்தியாசம் தெரியாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போனால் புள்ளி போகும்.

1632இல் கலிலியோ கப்பலின் மூடிய அறையை எடுத்து இதை விளக்கினார். கப்பல் சீராக ஓடினால், உள்ளே எதைச் செய்து பார்த்தாலும் அது ஓடுவது தெரியாது என்றார். நமக்குக் கப்பல் தேவையில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதை போதும். அதில் நிற்பவர் பாதை தொடர்பாக அசையவில்லை, கரை தொடர்பாக அசைகிறார். இரண்டும் உண்மை. பாதை சீராகப் போகும்வரை அதுவும் சடத்துவச் சட்டமே. திடீரென்று வேகம் மாறி ஆள் தள்ளாடும்போது அப்படியல்ல.

ஆகவே நம் கருத்து இதுதான். பரீட்சைக்குரிய சொல்லை மாற்ற வேண்டாம். வரைவிலக்கணத்தைப் பாடமாக்க முன்னர் "எது தொடர்பாக?" என்ற கேள்வியைப் பிள்ளையின் வாயில் பழக்குவோம். அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் போட்டு, நம் சொல்லையும் தமிழ்நாட்டுச் சொல்லையும் எதிரெதிரே எழுதவைப்போம். வேகம், நிறை இரண்டுக்கும் கீழே சிவப்புக் கோடு போடச் சொல்லுவோம்.