பள்ளித் திடலில் நடுவுநிலைமை

விளையாட்டுத் திடலில் ஊதலோடு நிற்பவரை நாம் நடுவர் என்றே அழைக்கிறோம். எப்பக்கமும் சாயாது நடுவில் நிற்பவர் என்ற பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. வள்ளுவரும் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும், கால்பந்தாட்ட வரலாற்றைப் பார்க்கும்போது, இந்த நடுவர் தொடக்கம் முதலே திடலில் இருந்தவர் அல்லர் என்பது தெரியவருகிறது. நேர்மை அங்கே தானாக விளைந்துவிடவில்லை. யாரோ ஒருவர் இழப்புக்கு உள்ளான பிறகே ஒவ்வொரு விதியும் பிறந்திருக்கிறது.

நடுவர் வந்த வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் பள்ளிக்கொரு விதியாகப் பந்தை உதைத்து வந்தார்கள். எல்லாருக்கும் பொதுவான விதிகளை வகுக்க 1863 அக்டோபர் 26 அன்று இலண்டனில் கூடியவர்கள் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். அவர்கள் அவ்வாண்டு ஏற்றுக்கொண்ட பதின்மூன்று விதிகளில் நடுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்ணியமானவர்கள் வேண்டுமென்றே தவறு செய்யமாட்டார்கள், பிணக்கு எழுந்தால் அணித் தலைவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. அணிக்கு ஒருவராக இரு கண்காணிப்பாளர்கள் வந்தனர். அவரவர் தம் அணிக்காகவே வாதாடக்கூடும் என்பதால், இருவரும் உடன்படாதபோது முடிவு சொல்ல மூன்றாமவர் ஒருவர் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார். 1891-இல்தான் அந்த மூன்றாமவர் திடலுக்குள் வந்து முழு அதிகாரம் பெற்றார். கண்காணிப்பாளர்கள் கோட்டு நடுவர்களாயினர். அயர்லாந்தின் இலக்குக் காவலர் வில்லியம் மெக்ரம் முன்மொழிந்த பெனால்டி உதையும் அதே ஆண்டில் விதியாயிற்று. வேண்டுமென்றே தவறு செய்வோம் என்று எங்களைக் கருதுவதா எனக் கொதித்தவர்களும் அன்று இருந்தனர்.

1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தில் வேறொரு குறை வெளிப்பட்டது. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த நடுவரின் மொழி அர்ஜென்டினா ஆட்டக்காரர்களுக்குப் புரியவில்லை. எச்சரிக்கப்பட்டவர் யார், வெளியேற்றப்பட்டவர் யார் என்பதில் பெருங்குழப்பம் நேர்ந்தது. இதற்குத் தீர்வு கண்டவர் கென் ஆஸ்டன் என்னும் பள்ளித் தலைமையாசிரியர். சாலைப் போக்குவரத்து விளக்கைக் கண்டு அவர் எண்ணிய மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 முதல் உலகக் கோப்பையில் வழங்கலாயின. தீர்ப்பு நேர்மையாக இருப்பதோடு, அனைவருக்கும் விளங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்த ஆசிரியர் உணர்ந்த உண்மை.

அட்டவணையும் ஒரு தீர்ப்பே

நடுவர் தவறினால் பார்வையாளர் கூச்சலிடுகின்றனர். ஆட்ட அட்டவணையில் உள்ள அநீதியோ ஊதல் ஒலிக்கும் முன்பே தன் வேலையை முடித்துவிடுகிறது. 1982 உலகக் கோப்பையில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என வீழ்த்தி வியப்பூட்டியது. அப்பிரிவின் இறுதி ஆட்டமோ, அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்த மறுநாள், ஜூன் 25 அன்று, ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் நடைபெற்றது. மேற்கு ஜெர்மனி 1-0 என வென்றால் அதுவும் ஆஸ்திரியாவும் சேர்ந்தே முன்னேறலாம் என்பது இரு தரப்புக்கும் முன்னரே தெரிந்திருந்தது. பத்தாம் நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. பின்னர் இரு அணிகளும் பந்தை அங்குமிங்கும் தட்டிப் பொழுதைப் போக்கின. எந்த விதியும் மீறப்படவில்லை, அல்ஜீரியா வெளியேறியது. 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய தடை இருந்தது. 1911-இல் மோகன் பாகன் அணி ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. ஆயினும் கல்கத்தா லீகின் முதற்பிரிவில் விளையாட அது 1915 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு, 1925-இல் ஈஸ்ட் பெங்கால் நுழைந்தபோதுதான் தகர்ந்தது.

ஒளிவுமறைவற்ற தேர்வு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. சபையார் அனைவரும் கூடியிருக்க, ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். கணக்குக் காட்டத் தவறியவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர். அத்தேர்வில் இடம்பெறும் உரிமை ஒரு சிலருக்கே இருந்தது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் முறை தெளிவானது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர் குழுவினரும் மன்றாடிய பின் சீட்டுக் குலுக்கியதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

நம் ஊர்த் திடல்கள்

கொங்கு நாட்டுக்குக் கால்பந்து அந்நியமானதன்று. 1992-இல் சந்தோஷ் கோப்பையைக் கேரளம் வென்றது கோவையில்தான். ஆனால் நம் பிள்ளைகள் நீதியை முதலில் சந்திக்கும் இடம் பெரிய அரங்கமன்று. குறுவட்டம், மாவட்டம் எனப் படிப்படியாக நடைபெறும் பள்ளிப் போட்டிகளே. அங்கே ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் வசதி இல்லை. ஒருமுறை தோற்றால் அவ்வாண்டு முடிந்தது என்னும் நிலையே பெரிதும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர்களே காலை முதல் மாலை வரை வெயிலில் ஓடி நடுவர் பணி ஆற்றுகின்றனர். அவர்களின் உழைப்புக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குக் கோவை வரவேண்டுமாயின், 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஈரோடு மாவட்டத்தின் தாளவாடிப் பிள்ளைகளுக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகள் உள்ளன. இவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டத்தை வைத்துவிட்டு, திடலுக்கு அருகிலுள்ள பள்ளிக்குப் பிற்பகலில் ஆட்டம் வைத்தால், நடுவர் எத்துணை நேர்மையாளராயினும் பயன் என்ன?

வறியவர் என்பதற்காகச் சலுகை காட்டியும், வலியவர் என்பதற்காக முகம் பார்த்தும் தீர்ப்பிடலாகாது என்பது லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் தரும் கட்டளை. எனவே, தொலைவிலிருந்து வந்த பிள்ளைகள் என்று இரங்கி நடுவர் அவர்களுக்கு ஒரு கோலை வழங்க முடியாது. வழங்கினால் அது மற்றோர் அணிக்கு அநீதி. அந்த இரக்கத்துக்கு உரிய இடம் அட்டவணை. பயணக் களைப்பையும் ஓய்வு நேரத்தையும் அங்கே எண்ணிப் பார்த்துவிட்டால், திடலில் ஊதல் எவருக்கும் பரிவு காட்டத் தேவையில்லை.

போட்டி நடத்தும் பொறுப்பு நம் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும்போது நாம் செய்யக்கூடியவை எளியவையே. எல்லா அணிகளின் முன்னிலையிலும் சீட்டெடுப்போம். மோதும் இரு பள்ளிகளையும் சாராதவரிடம் ஊதலைக் கொடுப்போம். தொலைவிலிருந்து வருவோருக்குப் பிந்திய நேரத்தை ஒதுக்குவோம். முறையீட்டைக் கேட்க ஒருவரை முன்னரே அறிவிப்போம்.

இவ்வளவு செய்தபின்னும் நடுவர் பிழை செய்யலாம், அவரும் மனிதரே. பிழையைப் பிள்ளைகள் விரைவில் மறந்து அடுத்த ஆட்டத்துக்கு ஓடிவிடுவார்கள். ஓரவஞ்சனையை அவர்கள் மறப்பதில்லை. பெரியோரின் நீதியைப் பற்றி அவர்கள் வாழ்நாள் முழுவதும் கொள்ளப்போகும் எண்ணத்துக்கு அங்கேயே வித்து விழுகிறது. அந்த வித்து எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதைப் போட்டி நடத்தும் நாமே முடிவு செய்கிறோம்.