ரங்கையா, கோவிந்து (தாவர ஓவியர்கள்)
ஒளிப்படக்கலை பரவுமுன் மலர்களின் அண்மைக்காட்சி ஓவியர்களாலேயே பதிவுசெய்யப்பட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்தனர். பூ அழகாக அமைந்தால் மட்டும் போதாது. மகரந்தத்தாள், சூலகம் போன்ற உறுப்புகளைப் பிரித்து, பெரிதாக்கி, அளவு பிசகாமல் காட்டவேண்டும். செடியை இனங்காண உதவாத படம் தாவரவியலாளருக்குப் பயன்படாது. வைட்டின் ‘ஐகோனஸ்’ (1838–1853) ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. பல படங்களின் கீழ் ரங்கையாவின் பெயர் அச்சாகியுள்ளது. கம்பெனி காலத்து இந்திய ஓவியர் பலருக்கு அது கிடைக்கவில்லை. ஓர் ஆர்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயா’ என வைட் பெயரிட்டார். வைட் 1853-ல் இந்தியாவை விட்டுச் சென்றபின் கோவிந்து ஹ்யூ கிளெக்ஹார்னுக்காக வரைந்தார். ராயபுரத்துக்குத் தெற்கே பிராட்வேயில் 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் மாணவர்களும் கிளெக்ஹார்னுக்குத் தாவர ஓவியங்கள் வரைந்தனர்.