1994-ஆம் ஆண்டின் இரண்டு அட்டைப்படங்கள்

இதழின் உள்ளே அமைந்த கட்டுரையைப் படிப்போர் அதனை விலைகொடுத்து வாங்கியோர். அட்டையைக் காண்போரோ தெருவில் நடப்போர் அனைவருமாவர். ஆகலின், புகழ்பெற்றோரின் அட்டைப்படங்கள் பற்றி அமெரிக்க நாட்டில் அவ்வப்போது எழுந்த பூசல்கள் அந்நாட்டுச் சமூக வரலாற்றை ஆராய்வார்க்குத் தக்க சான்றுகளாகும். அவற்றுள் 1994 ஜூன் 27-ஆம் நாளிட்ட இரண்டு வார இதழ்களின் அட்டைகளை எடுத்துக்கொண்டு, மக்கள் சினம் எதனால் எழுந்தது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஓ. ஜே. சிம்சன் 1947-இல் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்த கறுப்பினத்தவர். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பெரும்புகழ் எய்தியவர். 1973-இல் ஒரே பருவத்தில் 2003 கெஜம் பந்தேந்தி ஓடி, 2000 கெஜத்தைக் கடந்த முதல்வர் என்னும் பெயர் பெற்றார். பின்னர்த் திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் தோன்றி, வெள்ளையர் இல்லங்களிலும் விரும்பப்பட்ட முகமாயினார். 1994 ஜூன் 12-ஆம் நாள் இரவு, அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்றிருந்த மனைவியும் மற்றோர் இளைஞரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கொலையுண்டனர். 17-ஆம் நாள் நாடே தொலைக்காட்சியிற் கண்டிருக்க, நெடுஞ்சாலையில் மோட்டாரிற் சென்ற சிம்சனைப் போலீசார் பின்தொடர்ந்தனர். அன்றிரவே அவர் சிறைப்பட்டார். அப்பொழுது போலீசார் எடுத்த புகைப்படமே நாம் கருதும் அட்டைகள் இரண்டிற்கும் மூலமாகும்.

‘நியூஸ்வீக்’ இதழ் அப்படத்தைப் பெரும்பாலும் உள்ளவாறே பதித்தது. ‘டைம்’ இதழோ அதனை மாட் மஹூரின் என்னும் ஓவியரிடம் ஒப்படைத்தது. அவர் கைப்பட்ட படத்தில் முகத்தின் நிறம் கருமை மிகுந்தது. மழிக்கப்படாத தாடியின் நிழல் அடர்ந்தது. ஓரங்கள் இருளில் மூழ்கின. மார்பின்முன் ஏந்திய கைதி எண் சிறிதாயிற்று. இவ்விரண்டு இதழ்களும் ஒரே கிழமையில், ஒரே கடையில், அருகருகே தொங்கின.

ஏட்டுச்சுவடி ஒன்றே கிடைக்குமிடத்து, எழுதினோன் செய்த மாற்றத்தைக் காண்டல் அரிது; இரண்டாம் சுவடி கிடைத்த அளவிலே பாடவேறுபாடு தானே புலனாகும். பதிப்பாசிரியர் பலகாலும் கண்ட இவ்வுண்மையை அமெரிக்கத் தெருவிற் சென்ற எளிய மக்கள் அக்கிழமையிற் கண்டனர். ஒப்புநோக்குதற்குக் கல்வி வேண்டப்படவில்லை, கண்ணே போதுமாயிற்று.

கண்டோர் கொதித்தனர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கென 1909-இல் தோன்றிய தேசியச் சங்கத்தாரும், பத்திரிகையாளர் பலரும், வழக்கு மன்றம் ஏறுமுன்னரே ஒருவரைக் கொடியவராகத் தீட்டிக் காட்டியது இனவெறியின் செயல் என்று கண்டித்தனர். ‘டைம்’ ஆசிரியர் ஜேம்ஸ் கெயின்ஸ், அடுத்த இதழில் விடை எழுதினார். இனம் பற்றிய உட்கருத்து ஆசிரியர்க்கோ ஓவியர்க்கோ இருந்ததில்லை என்றும், மலிந்துபோன போலீஸ் படம் ஒன்று கலையாக உயர்த்தப்பட்டதேயன்றி உண்மை குன்றவில்லை என்றும் கூறினார்.

இனி, படத்தை மாற்றியதே சினத்திற்குக் காரணம் என்று பலரும் கூறுவர். அஃது அமைவுடைத்தன்று. 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாக்ரபிக்’ இதழ், அகன்ற படமொன்றை நெடிய அட்டைக்குள் அடக்கும் பொருட்டு எகிப்தின் கூர்ங்கோபுரங்களைக் கணிப்பொறியின் துணையால் நெருக்கி வைத்தது. 1989 ஆகஸ்டில் ‘டி.வி. கைடு’ இதழ், ஆன்-மார்கரெட் என்னும் நடிகையின் உடல்மேல் ஓப்ரா வின்ஃப்ரியின் தலையைப் பொருத்தி வெளியிட்டது. இவையும் கண்டிக்கப்பட்டனவே. ஆயினும் அவற்றாற் சிலர் நகைத்தனர், தொழில் அறிந்தோர் சிலர் வருந்தினர், பொதுமக்கள் கொதித்தெழவில்லை. மாற்றமேயில்லாத படமும் பூசல் விளைத்ததுண்டு. 1991 ஆகஸ்டில் ‘வேனிட்டி ஃபேர்’ அட்டையில் கருவுற்ற நடிகை டெமி மூர் ஆடையின்றித் தோன்றியபோது, சில கடைகள் விற்க மறுத்தன. சில உறையிட்டு விற்றன. அங்கே வழக்கு நாணம் பற்றியது, மெய் பற்றியதன்று.

சொல்லின் கடுமையும் காரணமாகாது. ‘நியூஸ்வீக்’ அட்டையிற் பொறித்த தலைப்பு ‘குருதித் தடம்’ என்னும் பொருளது. ‘டைம்’ பொறித்ததோ ‘ஓர் அமெரிக்கத் துன்பியல்’ என்பது. குற்றம் சாட்டப்பட்டவர்க்கு இவற்றுள் எது ஊறு செய்வது என வினவின், முன்னையதே எனல் வேண்டும். ஆயினும் சினம் முழுதும் பின்னையதன்மேற் பாய்ந்தது. இதனை ஆராய்ந்தோர் போதிய அளவு கருதாமை வியப்பே.

கெயின்ஸ் கூறிய விடையை முற்றும் தள்ளுதற்கில்லை. ‘டைம்’ அட்டை பல்லாண்டுகளாக ஓவியத்தின் இடமாக விளங்கியது. போரிஸ் ஆர்ட்சிபாஷெஃப், எர்னஸ்ட் ஹாம்லின் பேக்கர் முதலியோர் தீட்டிய முகங்களை மக்கள் ஓவியம் என்றே அறிந்து கண்டனர். ஆனால் அவ்வோவியங்களில் தூரிகையின் தடம் வெளிப்படையாக நின்றது. 1994-இன் படத்திலோ கை மறைந்து, கருவி மட்டும் பேசுவதுபோல் தோன்றிற்று. ஓவியர் பெயர் உள்ளே சிற்றெழுத்தில் இருந்ததேயன்றி, அட்டை அதனை உரைக்கவில்லை. மேலும், மூலப்படம் அழகு கருதி எடுக்கப்பட்டதன்று. இன்னார் இந்நாளிற் பிடிபட்டார் என்பதற்கு அரசு வைத்துக்கொள்ளும் ஆவணம். ஆவணத்தைக் கலையாக உயர்த்தினோம் என்பது, ஆவணம் என்னும் தன்மையை அழித்தோம் என்பதற்கு மறுபெயரேயாம்.

கருமை மிகுந்தால் கொடுமை மிகும் என்று கொள்வதே இனவெறியன்றோ எனவும் கெயின்ஸ் வினவினார். அளவை நூல் முறைப்படி அவ்வினா பொருந்தும். வரலாற்று முறைப்படி பொருந்தாது. 1915-இல் வெளிவந்த ‘ஒரு நாட்டினத்தின் பிறப்பு’ என்னும் திரைப்படம் முதலாக, கறுப்பு ஆடவனை அச்சந்தரும் உருவாகக் காட்டும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருந்தது. அவ்வழக்கத்தைக் கறுப்பின மக்கள் படைத்தாரல்லர். அதனாற் குருதி சிந்தினோர் அவரே. தெரிந்தெடுக்கப்படவேண்டிய நடுவர்களும் கடைத்தெருவில் அவ்வட்டையைக் காணக்கூடியவர்களே. நடுவர் தெரிவு அவ்வாண்டு செப்டம்பரிற்றான் தொடங்கியது. 1995 அக்டோபர் 3-ஆம் நாள் சிம்சன் குற்றமற்றவர் என விடுவிக்கப்பெற்றார்.

இக்கருத்திற்கு அரண் செய்யும் நிகழ்ச்சி மூன்றாண்டு கழித்து நேர்ந்தது. 1997 டிசம்பர் முதல் நாளிட்ட இதழ்களில் அவ்விரு பத்திரிகைகளும் ஒரே பேற்றில் எழுவரை ஈன்ற தாயொருவரை அட்டையில் இட்டன. இம்முறை ‘டைம்’ அவர் பற்களை உள்ளவாறே விட, ‘நியூஸ்வீக்’ அவற்றைச் சீராக்கிக் காட்டியது. மூலமும் திரிபும் மீண்டும் அருகருகே தொங்கின. வேறுபாட்டை யாவரும் கண்டனர். பத்திரிகையாளர் குறை கூறினர், சிலர் நகைத்தனர், சில கிழமைகளில் அது மறக்கப்பட்டது. ஒழுங்கற்ற பல்லுக்காக அந்நாட்டில் எவரும் மரத்தில் தூக்கப்பட்டதில்லை.