காற்றடைத்த படகும் கசிவும்

கல்முனையிலிருந்து மேற்கே சேனைக்குடியிருப்பைக் கடந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியில் கிட்டங்கி என்னும் துறை உண்டு. மாரி மழை ஓங்கி, உள்நாட்டு வெள்ளம் வயல்வெளிகளில் பரந்து கடலை நாடி வரும் நாட்களில் அங்குள்ள தாம்போதி நீரில் மூழ்கிவிடும். திருச்சிலுவைத் திருத்தலத்தாற் பெயர்பெற்ற சொறிக்கல்முனை முதலிய ஊர்களுக்கும் கரையோரப் பட்டினங்களுக்கும் இடையே அப்போது நீரே நிற்கும். சந்தைக்குச் செல்பவரும் வைத்தியசாலைக்குச் செல்பவரும் படகையே எதிர்பார்த்திருப்பர். இது ஆண்டுதோறும் அந்த மக்கள் கண்டு பழகிய காட்சி. பழகிய காட்சியாயினும் அச்சமற்ற காட்சியன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலுள்ள மாவடிப்பள்ளியில், மதரசா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதையும், அச்சிறுவரிற் பலர் மீளாததையும் அப்பகுதி இன்னும் மறக்கவில்லை.

வெள்ளத்தில் மக்களை மீட்க வரும் படகுகளுள் ஒரு வகை, காற்றடைத்த படகு. சுருட்டி வண்டியில் ஏற்றலாம். பாதை முடியும் இடத்தில் விரித்து ஊதலாம். முழங்காலளவு நீரிலும் மிதக்கும். மரத்தோணிக்கு இல்லாத வசதிகள் இவை. ஆனால் மரத்தோணி ஒழுகினால் உள்ளே வரும் நீரை இறைத்துக்கொண்டே கரை சேரலாம். காற்றுப் படகு ஒழுகும்போது உள்ளே ஒன்றும் வருவதில்லை, வெளியே போகிறது. போவதைக் கண்ணாற் காணவும் இயலாது. இந்தக் காணாத கசிவோடு மனிதன் நடத்திய போராட்டம் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு பழமையுடையது.

அசீரியப் பேரரசின் நிம்ருத் நகர் அரண்மனைச் சுவரிலே கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டிற் செதுக்கப்பட்ட கற்சிற்பம் ஒன்று இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. அம்புக்குத் தப்பி ஆற்றில் நீந்தும் மனிதர் காற்று நிரப்பிய தோற்பையை மார்போடு அணைத்திருக்கின்றனர். பையின் துளையோ அவர்களது வாயில் இருக்கிறது! நீந்தும்போதே ஊதிக்கொண்டிருக்கிறார்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. கசிவை அடைக்க வழியறியாதவன், போன காற்றைத் தன் மூச்சாலேயே ஈடு செய்தான் போலும்.

மகா அலெக்சாந்தர் வேறு வழி கண்டான். கி.மு. 329இல் மத்திய ஆசியாவின் ஒக்சஸ் நதியைக் கடக்க அவனுக்குப் பாலமும் இல்லை, பாலம் கட்ட மரமும் இல்லை. கூடாரத் தோல்களை எடுத்து, உலர்ந்த பதரும் சருகும் திணித்து, நீர் புகாதபடி நெருக்கித் தைக்கச் செய்தான். ஐந்து நாளிற் படை முழுவதும் அக்கரை சேர்ந்தது என்று அரியன் எழுதுகிறார். காற்றை நம்பாத புத்தி அது. பதர் அடைத்த தோலில் ஓர் ஊசித்துளை விழுந்தால் உடனே உயிர் போய்விடாது. எனினும் பஞ்சாப் மலைநாட்டின் சத்லஜ், பியாஸ் ஆறுகளில் எருமைத் தோலை முழுதாக உரித்துத் தைத்து ஊதி, அதன்மேற் குப்புறக் கிடந்து துடுப்புப் போட்டு வழிப்போக்கரை அக்கரை சேர்த்த தோணிக்காரர்கள் அண்மைக் காலம்வரை இருந்தனர். தோல் காய்ந்தால் வெடிக்கும்; நெடுநாள் நனைந்தே கிடந்தால் அழுகும். ஆகவே அதைப் பேணுவதே பாதித் தொழில்.

தோலை விட்டுத் துணிக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஸ்கொத்லாந்தின் சாள்ஸ் மக்கின்ரொஷ் 1823இல், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி, நீர் ஊடுருவாத துணியைச் செய்தார். அத்துணியைச் சட்டையாக்கிய தையற்காரர் ஊசி குத்திய துளைகளெல்லாம் ஒழுகின! அதுமட்டுமன்று, வெயிலில் அந்த இறப்பர் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. அமெரிக்காவின் சாள்ஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தையும் வெப்பத்தையும் சேர்த்து இக்குறையைத் தீர்க்கும் வழி கண்டார். 1844இல் அதற்கு உரிமம் பெற்றார். இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக்கும் அவ்வழியையே பிடித்தார்.

அதே 1840களில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி பீற்றர் ஹால்கெற் என்பவர் ஒரு விந்தை செய்தார். தோளிற் போட்டால் மேலங்கி. ஊதினால் ஒருவர் செல்லும் படகு. ஊதுதுருத்தி அங்கியின் பையிலேயே இருந்தது; குடையே பாய். கேட்போர்க்கு நகைப்புத் தோன்றலாம். ஆயினும் வடதுருவப் பிரதேசத்தை ஆராய்ந்த ஜோன் றே என்பவர் ஹால்கெற்றின் படகைப் பனிநாட்டில் நன்கு பயன்படுத்திப் பாராட்டினார்.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய இறப்பர் அந்நாளில் அமேசன் காட்டிலிருந்தே வந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் இடப்பட்டன. முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுட் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்குக் கப்பலேறி, கம்பகா அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அது ஒரு நாற்றங்கால் ஆயிற்று. கசிவை அடைக்கும் பொருள் இத்தீவின் மண்ணிலும் வேரூன்றிய வரலாறு அதுவே.

1888இல் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமம் பெற்றபின், கசிவைத் தேடும் கலை துவிச்சக்கர வண்டிகளோடு கிராமந்தோறும் பரவியது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் வண்டி திருத்துபவர் குழாயைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைப் பிடிப்பதைக் காணாதவர் யார்? படகைச் சட்டியில் அமிழ்த்த முடியாது. ஆகவே அங்கே சவர்க்கார நீர். படகை இறுக ஊதி, சவர்க்காரம் கரைத்த நீரைப் பூச, காற்று வெளியேறும் இடத்தில் நுரை பொங்கும். முதலிற் பார்க்க வேண்டியது அடைப்பு வாய். அதன் விளிம்பில் அகப்பட்ட மணற்பரலொன்றே பல கசிவுகளுக்குக் காரணம். பின்னர் மூட்டுகள். துணிப்பரப்பு கடைசியில். இங்கே ஒரு மயக்கமும் உண்டு: பகல் வெயிலில் ஊதிய படகு இரவுக் குளிரிற் சற்றுத் தளரும். அது கசிவன்று, குளிர்ந்த காற்றுச் சுருங்குவதே. அறியாதவர் இல்லாத துளையைத் தேடி நாளைக் கழிப்பர்.

துளை அகப்பட்டதும் அடையாளமிட்டு, காற்றை இறக்கி, உலர்த்தி, மேற்பரப்பைச் சற்றுக் கரடாக்கித் துடைக்க வேண்டும். ஒட்டுத் துண்டின் மூலைகளை வளைத்து வெட்டுவர். கூரிய மூலை முதலில் உரியும். துளையைச் சுற்றி இரண்டு அங்குலமாவது அது படிய வேண்டும். பசை படகின் துணிக்கு ஏற்றதாதல் வேண்டும். பீ.வீ.சீ. துணிக்கு உரிய பசை செயற்கை இறப்பர்த் துணிக்குச் செல்லாது. மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூசி, அதன்பின் அழுத்த வேண்டும்.

இக்கரைக்கு மிக முக்கியமானது ஈரம். காற்றில் ஈரம் மிகுந்த வேளையிற் பூசிய பசையின்மேற் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. ஒட்டு பிடித்ததுபோற் காட்டி, நீரில் இறங்கியதும் உரிந்துவிடுகிறது. கிட்டங்கித் தாம்போதி மூழ்கும் மார்கழியில் இப்பணியைத் தொடங்குவது வீண். கச்சான் காற்று நிலத்தைக் காய்ச்சும் மாதங்களிலே, ஒருவருக்கும் படகின் நினைவு வராத நாட்களிலே அதைச் செய்ய வேண்டும்.

படகுகளும் அதற்குள் மாறிவிட்டன. ஆகாயக் கப்பல் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமாகிய சொடியாக் 1930களிற் படகுக்குத் திரும்பியது. வாயுவை அடைத்து வைப்பதில் அவர்களுக்கு முன்பழக்கம் இருந்தது. 1952இல் அலன் பொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அத்தகைய படகொன்றிலே கனேரித் தீவுகளிலிருந்து பார்படோஸ் வரை, 65 நாளில், தனியாக அத்திலாந்திக்கைக் கடந்தார். மேலும் இன்றைய படகின் காற்றுக் குழாய் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறை கிழிந்தாலும் ஏனையவை தாங்கும். கிழிந்த அறைக்கு நடுவெள்ளத்தில் துணி சுற்றிய ஆப்போ இறுக்கியோ தற்காலிகமாகச் செருகிக் கரை சேர்வதுண்டு.

கரை சேர்ந்தபின் அந்த ஆப்பை எடுத்துவிட்டு முறைப்படி ஒட்டிய துண்டுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுப்பர். மறுநாள் படகை மீண்டும் இறுக ஊதி, ஒட்டின் விளிம்பைச் சுற்றிச் சவர்க்கார நீரை ஊற்றி, நுரை பொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பர்.