மிசிசிப்பி ஆற்றின் முழுநீளப் பயணம்

மிசிசிப்பி ஆற்றின் முழுநீளப் பயணம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள இட்டாஸ்கா ஏரியில் தொடங்கி, லூசியானா மாநிலத்தின் தென்கோடியில் ஆறு மெக்சிக்கோ வளைகுடாவில் கலக்கும் இடம் வரை நீர்வழியாகவே சென்று முடிக்கும் பயணமாகும். கனூ, கயாக் ஆகிய துடுப்புப் படகுகளே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. ஆறு பத்து மாநிலங்களைத் தொட்டுச் செல்கிறது. துடுப்புப் படகில் இதனைக் கடக்கப் பொதுவாக இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். பெயர் ஒன்றே ஆயினும், பயணி கடப்பது தன்மையில் வேறுபட்ட பல ஆறுகளை எனலாம். மேற்பகுதியில் இடையூறு தருவன காற்றும் நாணற்புதர்களும். கீழே செல்லச் செல்ல, இடையூறுகளில் பெரும்பாலானவை மனிதர் உண்டாக்கியவை.

நீளம்

பயணத்தின் நீளம் எவ்வளவு என்பதற்கு ஒரே விடை இல்லை. இட்டாஸ்கா ஏரிக்கரையில் நாட்டப்பட்டுள்ள மரத்தூண் 2,552 மைல் (சுமார் 4,107 கி.மீ.) என்கிறது. அரசு அமைப்புகள் தரும் அளவுகளோ 2,300 முதல் 2,350 மைல் (சுமார் 3,700 முதல் 3,780 கி.மீ.) வரை உள்ளன. இதற்கு அளவிடும் முறை மட்டும் காரணமன்று. ஆறே தன் நீளத்தை மாற்றிக்கொள்கிறது. வளைந்து ஓடும் ஆறு வளைவின் குறுகிய கழுத்தை அரித்து நேர்வழி கண்டுவிட்டால், பழைய வளைவு ஏரியாகத் தனித்துவிடும். 1876-இல் இவ்வாறு ஆறு விலகிச் சென்றதால் விக்ஸ்பர்க் என்னும் துறை நகரம் ஆற்றை இழந்தது. யாசூ ஆற்றின் நீரைத் திருப்பிய கால்வாய் 1903-இல் முடிந்த பின்னரே அந்நகர் மீண்டும் நீர்முகம் பெற்றது. 1930-களிலும் 1940-களின் தொடக்கத்திலும் வெள்ளத்தை விரைந்து வடியச் செய்வதற்காகப் பொறியாளர்கள் வெட்டிய குறுக்குவழிகள், கீழ் ஆற்றைச் சுமார் 240 கி.மீ. குறைத்தன.

வரலாறு

ஆற்றின் தொடக்ககால ஐரோப்பியப் பயணிகள் எவரும் அதன் முழுநீளத்தையும் கடக்கவில்லை. 1673-இல் மார்க்கெட், ஜோலியே ஆகிய இருவரும் விஸ்கான்சின் ஆற்றின் வழியாக மிசிசிப்பியில் இறங்கி, ஆர்கன்சாஸ் ஆற்றின் முகம் வரை சென்று திரும்பினர். 1682-இல் லா சால் இல்லினாய் ஆற்றின் வழியாக வந்து கடலை அடைந்தார். மூலம் மட்டும் வெளியாருக்குத் தெரியாமலே இருந்தது.

1832-இல் ஹென்றி ஸ்கூல்கிராப்ட் என்பவரை ஒஜிப்வே பழங்குடித் தலைவரான ஓசாவிந்திப் அந்த ஏரிக்கு அழைத்துச் சென்றார். கண்டுபிடித்தவர் என்ற பெயர் ஸ்கூல்கிராப்டுக்கே கிடைத்தது; வழிகாட்டியின் மக்களுக்கோ அது முன்பே அறிந்த ஏரி. மான் ஏரி என்னும் பொருள்பட அவர்கள் மொழியில் அதற்குப் பெயரும் இருந்தது. 'உண்மை', 'தலை' எனப் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் நடு எழுத்துகளைச் சேர்த்து இட்டாஸ்கா என்னும் பெயரை ஸ்கூல்கிராப்ட் அமைத்தார். 1881-இல் மூலத்திலிருந்து கடல் வரை கனூவில் சென்ற வில்லர்ட் கிளேசியர், இட்டாஸ்காவுக்குத் தெற்கே உள்ள சிறிய ஏரியே உண்மையான மூலம் என்று கூறி அதற்குத் தம் பெயரையே இட்டார். அளவையாளர்கள் இதனை ஏற்கவில்லை.

பிற்காலப் பயணிகளுள் எட்டி ஹாரிஸ் குறிப்பிடத்தக்கவர். ஆப்பிரிக்க அமெரிக்கரான இவர் தனியே கனூவில் ஆற்றைக் கடந்து எழுதிய நூல் 1988-இல் வெளிவந்தது. அடிமைகள் தெற்கே விற்கப்படுவதற்காகக் கொண்டுசெல்லப்பட்ட வழிகளுள் இவ்வாறும் ஒன்று என்பதால், அவருடைய பயணத்துக்குத் தனிப்பொருள் உண்டு. 2002-இல் சுலோவீனிய நாட்டவரான மார்ட்டின் ஸ்ட்ரெல் 68 நாட்களில் ஆற்றை நீந்தியே கடந்தார்.

பயண வழி

இட்டாஸ்காவை விட்டுப் புறப்படும் இடத்தில் ஆறு ஓர் ஓடையே. கற்களின் மீது கால்வைத்துக் கடந்துவிடலாம். தெற்கே உள்ள கடலுக்குச் செல்லவேண்டிய ஆறு முதலில் வடக்கு நோக்கி பெமிட்ஜி நகர் வரை சென்று, கிழக்கே திரும்பிய பின்னரே தெற்கு நோக்குகிறது. இப்பகுதியில் நாணல்களுக்கிடையே வழி தவறுதல் எளிது. வின்னிபிகோசிஷ் போன்ற அகன்ற ஏரிகளில் காற்றடித்தால் அலை எழுந்து சிறுபடகைக் கவிழ்த்துவிடும். கரையோரமாகச் சுற்றிச் செல்வதே வழக்கம். குறுக்கிடும் அணைகளில் படகையும் மூட்டைகளையும் கரைவழியே சுமந்து செல்லவேண்டும்.

மினியாபொலிஸ் நகரிலிருந்து ஆறு கப்பல்வழியாகிறது. இங்கிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 1,080 கி.மீ. தொலைவில் நீர்மட்டம் சுமார் 128 மீட்டர் இறங்குகிறது. இவ்விறக்கத்தை அணைகள் படிக்கட்டுகளைப் போலப் பிரித்துள்ளன. ஒவ்வோர் அணையிலும் லாக் எனப்படும், இருபுறமும் கதவுடைய நீண்ட தொட்டி உண்டு. படகு உள்ளே நுழைந்ததும் கதவு அடைபட, நீர் வடிந்து படகு கீழ்மட்டத்துக்கு இறங்குகிறது. சிறுபடகினர் சுவரில் தொங்கும் கயிற்றை இழுத்து வருகையைத் தெரிவிக்கலாம்; கட்டணம் இல்லை. ஆயினும் சரக்குப் படகுகளுக்கே முன்னுரிமை என்பதால் காத்திருக்க நேரும். ஆசியக் கெண்டை மீன்கள் மேலேறிப் பரவாமலிருக்க, செயின்ட் அந்தோணி அருவியின் மேல் லாக் 2015-இல் மூடப்பட்டது. அதன் பின் அங்கும் படகைச் சுமந்தே செல்லவேண்டியுள்ளது.

செயின்ட் லூயிசுக்குக் கீழே லாக் எதுவும் இல்லை. கெய்ரோ என்னும் ஊரில் ஒகையோ ஆறு கலக்கிறது. கலக்குமிடத்தில் நீரளவில் பெரியது மிசிசிப்பி அன்று, ஒகையோவே. அதன் பின் ஆறு அகன்று, நீர்ச்சுழல்களுடன் விரைகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட சரக்குப் படகுகளை ஒன்றாகப் பிணைத்துத் தள்ளிச்செல்லும் விசைப்படகுகள் இங்கு இயங்குகின்றன. இவற்றால் விரைந்து நிற்கவோ திரும்பவோ இயலாது. முன்னால் உள்ள கனூ படகோட்டியின் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே ஒதுங்கவேண்டிய பொறுப்பு துடுப்புப் படகினருடையதே.

லூசியானாவில் பழைய ஆற்றுக் கட்டுப்பாட்டு அமைப்பு உள்ளது. 1963 முதல் இயங்கும் இது, மிசிசிப்பி, சிவப்பு ஆறு ஆகியவற்றின் மொத்த நீரில் சுமார் 30 விழுக்காட்டை அட்சாஃபலாயா ஆற்றுக்குத் திருப்புகிறது. இது இல்லையேல், கடலுக்குக் குறுகிய வழியான அட்சாஃபலாயாவே முதன்மை ஆறாகிவிடும். நீர் உள்ளிழுக்கப்படும் வாயில்களை நெருங்குவது உயிருக்கு ஆபத்தானது. பேட்டன் ரூஜிலிருந்து கடற்கப்பல்களும் சேர்ந்துகொள்கின்றன. நியூ ஓர்லியன்ஸ் வரை கரையெங்கும் எண்ணெய், வேதிப்பொருள் ஆலைகளே மிகுதி என்பதால் இரவு தங்க இடம் காண்பது கடினம். பேட்டன் ரூஜுக்கு மேலேயே பிரிந்து, அமைதியான அட்சாஃபலாயா வழியாகக் கடலை அடைவோரும் உளர். அதுவும் முழுநீளப் பயணம்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

முதன்மை வழியில் சாலை செல்லும் கடைசி ஊர் வெனிஸ். அதற்குக் கீழே ஆறு மூன்று கிளைகளாகப் பிரியும் இடமே கீழ் ஆற்றின் மைல் கணக்கில் சுழி. கடல்நீரைத் தொட அங்கிருந்து மேலும் சில மணிநேரம் துடுப்பு வலிக்கவேண்டும். முகத்துவாரத்தில் சாலை இல்லாததால், பயணத்தை முடித்தவர்கள் விசைப்படகில் வெனிசுக்குத் திரும்புகின்றனர். அல்லது வந்த ஆற்றையே எதிர்த்துத் துடுப்பு வலித்து மேலேறுகின்றனர்.